பூதத்தின் வயிற்றுச் சத்தம்

டப்பிங் அறையில் ஒரே ஒரு விதிதான். சத்தம் வாயிலிருந்து மட்டும் வர வேண்டும், அதுவும் கேட்கும்போது மட்டும் வர வேண்டும். பதினாறு வருஷமாக இந்த விதியை மீறாத முயல், ஐந்து மாத லீவு முடிந்து திரும்பி வந்த முதல் நாளே மீறினாள்.

முயல் என்பது அவள் குரல் கொடுக்கும் பாத்திரம். குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடரில் அந்த முயல் பேசியே ஊரை ஏமாற்றும். அதை விழுங்க அலைகிற பூதத்துக்குக் குரல் கொடுப்பவரைப் பூதம் என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். நூற்றுப் பத்து கிலோ உடம்பு, எலியைக் கண்டால் நாற்காலியில் ஏறுகிற மனசு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்கிறவனுக்குக் காது என்று பெயர். எறும்பு கொட்டாவி விட்டால்கூட 'ஒன் மோர்' கேட்கிற ஜாதி.

முயலுக்குக் குடலின் கடைசிப் பகுதியில் கட்டி வந்திருந்தது. டாக்டர்கள் அதை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் குடலின் நுனியை இடது பக்க வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். கழிவு இனிமேல் அந்த வழியாகத்தான் வரும், அதன்மேல் ஒட்டிய பையில் சேரும். முதல் தடவை பார்த்தபோது முயல் கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். திறந்து பார்த்தால் சிவப்பாக, ஈரமாக, கன்னத்தின் உட்பக்கம் மாதிரி ஒரு சின்ன மொட்டு.

"தொட்டுப் பாருங்க, வலிக்காது. ஆனா ஒண்ணு, மூடித் திறக்க இதுக்குத் தசை கிடையாது. உங்க பேச்சைக் கேக்காது. காத்து பிரிஞ்சா சத்தமும் போடும்," என்றாள் நர்ஸ்.

"ஒரே வீட்டுல இருக்கணும், என் பேச்சைக் கேக்காது, நாலு பேர் முன்னாடி சத்தம் போடும். அப்போ இது என் ஓரகத்திதான்," என்றாள் முயல். அன்றிலிருந்து அதற்கு அதுவே பெயராகிவிட்டது.

வீட்டில் பெரிய குறை ஒன்றும் இல்லை. பை மாற்றுகிற நாளில் வீட்டுக்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, அளவு அட்டையை வைத்துப் பார்த்து, பையின் வாயைக் கத்தரியால் வட்டமாக வெட்டிக் கொடுப்பார். ஒரு தபால் உறையை நேராக ஒட்டத் தெரியாத மனிதர். "ஓரகத்திக்கு ஜாக்கெட் சரியா இருக்கா?" என்று வேறு கேட்பார். புடவையைக் கட்டிவிட்டால் ஒன்றும் தெரியாது, வாடையும் வராது.

ஸ்டூடியோவில்தான் சிக்கல். ஐந்து மாதமும் முயலுக்கு வேறொரு பெண் பேசியிருந்தாள். தயாரிப்பாளர், "அந்தப் பொண்ணே நல்லாத்தானே பண்ணுது?" என்று கேட்டதாகச் செய்தி. மைக் முன்னால் நிற்கிறவளின் வயிறு தன்னிஷ்டத்துக்குப் பேசும் என்று தெரிந்தால், மறுநாளே வழியனுப்பிவிடுவார்கள். அதனால், "சின்ன ஆபரேஷன்தான்" என்பதோடு முயல் வாயை மூடிக்கொண்டாள்.

ஓரகத்தி மூடவில்லை. முதல் டேக்கிலேயே, பூதம் புதருக்குள் பதுங்குகிற நிசப்தமான இடத்தில், "குர்ர்ர்... ப்ளக்" என்றது.

"ஒன் மோர். என்ன சத்தம் அது?" என்றான் காது.

முயல் அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தாள். "கேபிளா இருக்குமோ தம்பி?"

பதினாறு வருஷம் ஊரை ஏமாற்றுகிற முயலாகப் பேசியது வீண் போகவில்லை. காது கேபிளை மாற்றினான். ஏசியை நிறுத்தினான், மூன்று பேரும் வியர்வையில் குளித்தார்கள். நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டான், தரைவிரிப்பைச் சுருட்டினான், சுவரில் காதை வைத்துக் கேட்டான். முயல் பின்னாலேயே போய், "அந்த மூலையில பாத்தியா?" என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் பூதம் கையைத் தூக்கினார்.

"தம்பி, பாவம், நாற்காலியைத் திட்டாதே. அது நான்தான். என் வயிறு."

டப்பிங்கில் இது ஒரு வினோதம். எல்லோர் காதிலும் ஹெட்போன். மைக்கில் விழுகிற சத்தம் யாருடையதானாலும் அவரவர் மண்டைக்கு நடுவில் கேட்கும். பக்கத்தில் நிற்கிறவளின் வயிறு உறுமினாலும் தன் வயிறு உறுமுகிற மாதிரியே இருக்கும். அதுவும் பூதம் எப்போதும் பசியோடு இருப்பவர், நம்புவதற்குக் கஷ்டமே படவில்லை.

'இல்லண்ணே' என்ற வார்த்தை முயலின் தொண்டை வரை வந்தது. அதை அப்படியே விழுங்கினாள்.

அன்றிலிருந்து பதிவுக்கு முன்னால் பூதத்துக்கு ஒரு தட்டு பிஸ்கட், இரண்டு வாழைப்பழம். சத்தம் குறையவில்லை. முயல் தன் பங்குக்கு, நர்ஸ் தனக்குச் சொன்ன அறிவுரையை எல்லாம் வரி விடாமல் அவருக்குச் சொன்னாள். "சோடா குடிக்காதீங்க அண்ணே. சூயிங்கம் வேண்டாம். மென்னு சாப்பிடுங்க, சாப்பிடும்போது பேசாதீங்க." அவர் சிரத்தையாகக் கடைப்பிடித்தார். அவள் தன் வரைக்கும் அவ்வளவு சிரத்தை காட்டவில்லை.

இரண்டு வாரம் போனது. ஒரு காலை, காத்திருக்கும் அறையில் பூதம் பிஸ்கட் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட்டிருந்தார்.

"என்னண்ணே, சாப்பிடலையா?"

"ஸ்கேன் எடுத்தேன் தங்கச்சி. ஒண்ணும் தெரியலைன்னாங்க. ஒண்ணும் தெரியலைன்னா பெருசா ஏதோ ஒளிஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்? நாளைக்குத் தொண்டை வழியா குழாய் விட்டுப் பாக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன்." குரல் இறங்கியது. "பொண்ணுகிட்ட சொல்லலை. ராத்திரி தூக்கமே இல்ல, வயித்து மேல கையை வெச்சுக்கிட்டே கிடக்கேன். நான் இல்லாமப் போனா, பூதத்துக்கு யாரைப் போட்டாலும் சான்ஸ் கேட்டு அலையறானே அந்த நியூஸ் வாசிக்கிறவன், அவனை மட்டும் போட விடாதே."

முயலுக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். ரிசல்ட்டுக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பயத்தை, தான் தூக்கி இந்த மனிதரின் மடியில் வைத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது. போனால் முயல் வேலைதானே போகும் என்று முடிவு செய்துகொண்டாள்.

இருவரும் பதிவு அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினாள்.

"அண்ணே, அது உங்க வயிறு இல்ல. என்னுது." ஆபரேஷனை, பையை, ஓரகத்தியை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். மைக் திறந்திருந்ததால் கண்ணாடிக்கு அப்பால் காதுக்கும் எல்லாம் கேட்டது. அவன் கை பொத்தான்மேல் அப்படியே நின்றது.

பூதம் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "என் மனசு தேறணும்னு என்னென்னவோ கதை சொல்றே. நல்ல மனசும்மா உனக்கு."

"ஐயோ, கதை இல்லண்ணே! ஹெட்போனைக் கழட்டுங்க. வெறுங் காதால கேளுங்க."

அவர் கழற்றினார். இருவரும் காத்திருந்தார்கள். இரண்டு வாரமாக ஒரு டேக்கை விட்டுவைக்காத ஓரகத்தி, இப்போது பரம சாதுவாக இருந்தாள். ஒரு நிமிஷம் போனது. மூன்று நிமிஷம் போனது. "பேசித் தொலையேண்டி," என்று முயல் தன் வயிற்றைப் பார்த்துக் கெஞ்சினாள். பூதம் அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஹெட்போனைக் கையில் எடுத்தார்.

"குர்ர்ர்ர்... ப்ளக்."

பழக்கதோஷத்தில் அவர் கை தன் வயிற்றுக்குப் போனது. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாக நகர்ந்து அவளைச் சுட்டிக்காட்டியது.

"அது... அங்கேர்ந்து வருது."

"அதைத்தானே அண்ணே சொல்றேன்!"

பூதம் தரையில் உட்கார்ந்து தேம்பி அழுதார். "எனக்கு ஒண்ணும் இல்ல! எனக்கு ஒண்ணுமே இல்ல!" அழுகை நின்றதும் முகம் சிவந்தது. "பதினாலு நாள் சோடா குடிக்கலைடி, பாவி!"

"என்னை என்ன வேணும்னாலும் திட்டுங்க அண்ணே."

"திட்டத்தான் போறேன். முதல்ல ஒரு சோடா வாங்கிட்டு வா."

காது ஸ்பீக்கரில் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்கா, அந்தச் சத்தத்தைக் குறைக்க வழியே இல்லையா?"

"மேலே கையை வெச்சு லேசா அழுத்தினா பாதியாயிடும். நர்ஸ் சொல்லியிருக்காங்க."

"அப்புறம் ஏன் அழுத்தலை?"

"எல்லாருக்கும் தெரிஞ்சுடுமேன்னுதான்."

காது தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "நான் தரைவிரிப்பை எல்லாம் உரிச்சேனே அக்கா."

அடுத்த வாரம் தயாரிப்பாளரே வந்தார். முயலைத் தொடர விடுவதா என்று நேரில் கேட்டு முடிவு செய்ய, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். முயல் இடது கையை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு பிரமாதமாகப் பேசினாள். ஒரு பக்க வசனம் ஒரே டேக்கில் போனது. கடைசி வரியில், வசனத்தாளைப் புரட்ட அந்தக் கையை எடுத்தாள். ஓரகத்திக்கு அது போதும்.

"குர்ர்ர்ர்ர்."

"யாரது?" என்றார் தயாரிப்பாளர்.

காது கூரையைப் பார்த்தான். முயல் கையைத் திரும்ப வயிற்றில் வைத்து அழுத்தினாள். பூதம் ஓரடி முன்னால் வந்து, தன் வயிற்றைத் தட்டிக்கொண்டார்.

"நான்தான் சார். மன்னிக்கணும். இந்தப் பொண்ணு முயலாப் பேசினா, எனக்கு நிஜமாவே பசிக்குது."

தயாரிப்பாளர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முயல் இவள்தான், இதில் பேச்சே இல்லை என்றார். பூதத்துக்கு இரண்டு தட்டு பிஸ்கட் கொண்டுவரச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தட்டு வந்தது. பூதம் ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இன்னொன்றை முயலிடம் தள்ளினார். அவளுக்குக் கண்ணீர் முட்டியது.

"அழாம சாப்பிடு," என்றார் வாய் நிறைய. "மென்னெல்லாம் சாப்பிடாதே, அவசரமா முழுங்கு. நாளைக்கும் அவர் வராராம், சத்தம் வந்தாத்தானே தட்டு வரும்."