ஆருக்கு எத்தனை சென்ட்?

உலகத்தில் நிலத்தை முறையாக அளந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மகாபலியிடம் கேட்டு வாங்கிய வாமனர். மற்றவர் உடும்பஞ்சோலை பூபதிராஜா. இரண்டு பேரும் அளந்தது அடுத்தவர் நிலத்தை என்பதை மட்டும் பூபதிராஜா சொல்லுவதில்லை.

ஏலத்தோட்டத்தில் முப்பது வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கேரளத்து ஆதாரத்தில், அதாவது பத்திரத்தில், நிலம் நூறு சதுர மீட்டர் கொண்ட ஆர் கணக்கில் இருக்கும். வாங்குகிறவருக்கு சென்ட்தான் புரியும். நடுவில் நின்று மாற்றிச் சொல்லத் தான் இல்லாவிட்டால் மலையில் ஒரு பிடி மண் விலைபோகாது என்பது அவர் நம்பிக்கை.

அன்று டீக்கடையில், தோட்டம் வாங்கப் பாலக்காட்டிலிருந்து வந்திருந்த சைனுதீன் ஆதாரத்தை நீட்டினார். "பத்து ஆர்னு போட்டிருக்குதுங்க. சென்ட்ல எத்தனைங்க?"

பூபதிராஜா காகிதத்தைத் தொடக்கூட இல்லை. "ஆருக்கு ரெண்டு புள்ளி நாலு ஏழு. பத்துக்கு இருபத்திநாலே முக்காலுக்கு ஒரு பொட்டு கம்மி. தஞ்சாவூர்க் கணக்குல முக்கால் மா."

கடையே வாயைப் பிளந்தது. அவருடைய பக்கத்து மனைக்காரி செபமாலையம்மாள் மட்டும் டம்ளரை ணங்கென்று வைத்தாள். அவள் மனையில் இரண்டு அறை வராது, இடம் பத்தாது என்று மேஸ்திரி கைவிரித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"கணக்கப்பிள்ளையய்யா, என் ஆதாரத்துல ஒண்ணு புள்ளி ஆறு ரெண்டு ஆரு. மூணேகால் சென்டுன்னு சொல்லி நீங்கதான வேலி போட்டீக?"

"ஆமா. ஆருக்கு ரெண்டு சென்டு..." பூபதிராஜாவின் வாய் பாதியில் நின்றது. ஆறு வருஷத்துக்கு முன் அந்த வேலி போட்டபோது, அந்த ரெண்டுக்குப் பின்னால் வரும் புள்ளியெல்லாம் அலங்காரம் என்றே அவர் நினைத்திருந்தார்.

"பாலக்காட்டு மொதலாளிக்குப் புள்ளியோட. எனக்குப் புள்ளி இல்லாமயா?"

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. தெரிந்தே செய்தேன் என்று சொல்ல ஊர் விடாது.

"என் கணக்கு என்னைக்கும் சரிதான்த்தா. மழைக்கு வேலி நகந்திருக்கும்."

"எம் மனை மேட்டுல, உங்க மனை பள்ளத்துல. மழைக்கு வேலி மேட்டுல ஏறுச்சாக்கும்?"

சைனுதீன் டீயைத் துப்பிவிட்டுத்தான் சிரித்தார்.

"சர்வேயரக் கூப்பிடு. ஒரு இஞ்சு பிசகுதான்னு பாப்போம்!" என்று எழுந்தார் பூபதிராஜா.

வியாழக்கிழமை சர்வேயர் ஜோஜோ வந்தார். பூபதிராஜா சலவை வேட்டியில் நின்று, டேப்பின் மறுமுனையைத் தானே பிடித்தார். "ஒண்ணு புள்ளி ஆறு ரெண்டு ஆரு. சுத்தமா நாலு சென்டு!" என்று ஊர் கேட்க முழங்கினார்.

"சரியாணு சாரே," என்று ஜோஜோ தலையாட்டினார்.

"கேட்டுக்கங்க!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் பூபதிராஜா.

ஜோஜோ வேலியைத் தாண்டிப் போய்க் கடைசிக் குச்சியை ஊன்றினார்.

பூபதிராஜாவின் கக்கூஸ் முழுசாகச் செபமாலையம்மாளின் நிலத்தில் இருந்தது.