இன்னும் கிடைக்காத வரத்துக்கு ஒரு நன்றிப் பலகை

1

ஒரு பெரிய ஓவியனைப் பற்றி எழுதுவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். பெரிய ஓவியர்களின் வாழ்க்கையை எழுதுவது எளிது. ஒரு கோமகன், ஒரு கொள்ளைநோய், ஒரு கத்திக்குத்து, இடையிடையே சில பெண்கள். தேதிகளை நூலகம் கொடுத்துவிடும். மிச்சத்தை வானிலையை வைத்து நிரப்பலாம். முதல் பத்திக்கு ஒரு விடியல்கூடத் தயாராக இருந்தது.

அப்புறம் நேப்பிள்ஸுக்குக் கொஞ்சம் தள்ளி, கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊர் மாதா கோயிலுக்குள் போனேன், வெயிலுக்கு ஒதுங்க. பக்கச்சுவர் முழுக்க நன்றிப் பலகைகள். ஆபத்திலிருந்து தப்பியவர்கள் காணிக்கையாக வரையச் சொல்லி மாட்டியவை. வண்டிச் சக்கரத்தடியில் ஒருவன், கிணற்றுக்குள் ஒருத்தி, கவிழ்ந்த படகில் ஒரு குடும்பம். மேல்மூலையில், மேகத்துக்கு நடுவே, மாதா. அந்தச் சுவரில் யாருமே சாவதில்லை.

எனக்குப் பொறாமை வந்தது. இந்தக் கதையின் பிறப்பு அவ்வளவுதான்.

பலகைகளில் கையெழுத்து இல்லை. ஆகவே வரைந்தவனுக்கு நானே பெயர் வைத்தேன்: எர்சிலியோ மத்தரேசே. நூறு ஆண்டுக்கு முந்தியவன். இனி வருவது எல்லாமே கற்பனை. விடியலை நீக்கிவிட்டேன்.

2

எர்சிலியோ மத்தரேசே மேதையாக வேண்டியவன், ஆனால் விதி—

(வேண்டாம்.)

எலுமிச்சைத் தோப்புகளின் மணம் தவழ்ந்துவரும் ஒரு காலையில்—

(அவன் பட்டறையில் தவழ்ந்தது ஆளிவிதை எண்ணெய் நாற்றம்.)

எர்சிலியோவின் மனிதர்களுக்கு நிற்கத் தெரியாது.

இதை வைத்துக்கொள்கிறேன்.

நேப்பிள்ஸ் ஓவியப் பள்ளியில் அவன் வரைந்த அப்போஸ்தலர்கள் எல்லோரும் சரிந்துகொண்டே இருந்தார்கள். பாதம் தரையில்தான் இருக்கும். ஆனாலும் அடுத்த நொடி விழப்போகிறார் என்று தோன்றும். ஆசிரியர் ஒருநாள் அவன் வரைந்த அப்போஸ்தலர் ராயப்பருக்கு முன்னால் நின்று, வகுப்பைத் திரும்பிப் பார்த்து, “யாராவது இந்த ராயப்பரைப் பிடிங்கப்பா” என்றார். வகுப்பு சிரித்து முடிவதற்குள் எர்சிலியோவின் கலைவாழ்வின் முதல் பாகம் முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பினான்.

ஊரில்தான் எல்லோரும் விழுந்துகொண்டிருந்தார்கள். மரத்திலிருந்து, சாரத்திலிருந்து, கழுதையிலிருந்து, படகிலிருந்து. விழுபவர்களை அவனைப்போல் வரைய அந்தக் கரையில் வேறு ஆளில்லை.

3

வாடிக்கையாளர்களைப் பற்றி ஒரு பத்தி வேண்டும். இல்லாவிட்டால் அவன் பட்டினி கிடக்கும் கலைஞன் என்று நினைத்துவிடுவீர்கள். அவன் நன்றாகச் சாப்பிட்டான்.

மேட்டுத் தோப்புக்காரி ஒருத்தி, கணவன் மரத்திலிருந்து விழுந்து பிழைத்த படத்தைப் பார்க்க வந்தாள்.

“மரத்த இன்னும் ஒசத்தி வரை, மேஸ்திரி.”

“எலுமிச்ச மரம்மா அது. இதுக்கு மேல வளராது.”

“விழுந்தது யாரு, நீயா? அவரு விழுந்து முடிக்கறதுக்குள்ள நான் ஒரு அருள்நிறை மந்திரம் முழுசா சொல்லிட்டேன். அத்தனை ஒசரம்.”

எர்சிலியோ மரத்தை உயர்த்தினான். எங்கள் சுவரில் இன்றைக்கும் கோயில் கோபுரம் உயரத்துக்கு ஓர் எலுமிச்சை மரம் நிற்கிறது. (இது மட்டும் உண்மை. உண்மையைப் போலத் தோன்றாததால் கற்பனையில் சேர்த்தேன்.)

அந்தத் தொழிலில் ஒரே ஒரு கட்டுப்பாடு. பிழைத்தவர் பட்டறைக்குத் தானே நடந்து வரவேண்டும். அதுவரை பலகையில் மரம் இருக்கலாம், மேகம் இருக்கலாம், மாதா இருக்கலாம். பிழைத்தவரின் முகம் இருக்கக் கூடாது. வரம் கிடைக்குமுன் நன்றி சொல்வதை, விருந்துக்கு அழைக்குமுன்பே பந்தியில் போய் உட்காருவதைப்போல ஊர் கருதியது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. மீறியவனும் இல்லை.

4

எர்சிலியோவின் மனைவி கார்மொசீனாவை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

முதல் வரைவில் அவளைப் பொறுமைசாலியான மனைவியாக எழுதினேன். அடுப்படியில் நின்று புன்னகை செய்தாள். சகிக்கவில்லை. இரண்டாவது வரைவில் சண்டைக்காரி. எர்சிலியோமேல் பரிதாபம் வந்ததே தவிர, அவள் உயிரோடு வரவில்லை.

[என் மனைவி இறந்து இரண்டு ஆண்டு ஆகிறது. கதைக்கு இது தேவையில்லை. அடுத்த வரைவில் எடுத்துவிடுவேன்.]

மூன்றாவது வரைவில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வருகிறவர்களிடம் கதை கேட்பது. எர்சிலியோ கேட்பது இரண்டே கேள்வி: எங்கே விழுந்தீர்கள், என்ன சட்டை. கார்மொசீனா பட்டாணி உரித்துக்கொண்டே கேட்பாள்: “விழும்போது என்ன நெனச்ச?” சாரத்திலிருந்து விழுந்த கொத்தன், அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டோமோ என்று நினைத்ததாகச் சொன்னான். பலகையின் ஓரத்தில் ஒரு சின்ன அடுப்பு வந்தது. அவன் அதைப் பார்த்துத்தான் அழுதான், மாதாவைப் பார்த்து அல்ல.

ஆக, எர்சிலியோவின் திறமையில் பாதி அவளுடையது. பாதி என்றா சொன்னேன்? அவனுக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

5

இலையுதிர் காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் வந்தார். கஞ்சி கொடுக்கச் சொன்னார். இரண்டாம் முறை வந்தபோது கஞ்சியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஊரில் மற்றவர்களானால் மண்டியிட்டிருப்பார்கள். எர்சிலியோவுக்குக் கேட்கத் தெரியாது. தொழில் முழுக்க நன்றி சொல்லியே பழகியவன். பட்டறைக்குள் போய் ஒரு நல்ல பலகையை எடுத்தான்.*

* இந்த இடத்தில் அவன் மனத்தில் ஓடியதை மூன்று பக்கம் எழுதினேன். அவன் மனத்தில் ஓடியது: ஊர் முன்னால் நன்றி சொல்லிவிட்டால் மாதா எப்படி மாட்டேன் என்பாள்? அவளுக்கும் ஒரு மானம் இருக்கும் இல்லையா. மிச்சப் பக்கங்களில் இருந்தது நான்.

அவன் வரைந்தது: கட்டில். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் கார்மொசீனா. மடியில் பட்டாணிக் கிண்ணம். மூலையில் மாதா. வாழ்நாளில் முதல்தடவையாக அவன் வரைந்த ஆள் சரியவில்லை.

ஈரம் காயுமுன் அவளிடம் கொண்டுபோய்க் காட்டினான். கார்மொசீனா தலையணையிலிருந்து தலையை மட்டும் திருப்பினாள்.

“யாரு இந்தப் பொம்பள?”

“நீதான்.”

“நான் எழுந்து உக்காந்திருக்கேனா?”

“உக்காருவ.”

“வெக்கங்கெட்ட மனுஷா. இன்னும் குடுக்கவே இல்ல, அதுக்குள்ள நன்றியா?” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஆனா நல்லா வந்திருக்கு. மொத தடவையா உனக்கு நல்லா வந்திருக்கு. கழுத்து மட்டும் நீளம்.”

அவன் கழுத்தைக் குறைத்தான். மறுநாள் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை லிபோரியோவிடம் கொடுத்தான். லிபோரியோ முகத்தைப் பார்த்தான், முகம் இருந்தால் பிழைத்துவிட்டாள் என்று அர்த்தம், ஏணி போட்டு மாட்டிவிட்டான்.

ஊர் வாழ்த்துச் சொல்லக் கிளம்பிவிட்டது. முட்டை கொண்டுவந்தார்கள், திராட்சை ரசம் கொண்டுவந்தார்கள், ஒருத்தி உயிரோடு ஒரு கோழியைக் கொண்டுவந்தாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு எல்லோரும் குரல் தாழ்ந்து நின்றார்கள். கோழிக்கு மட்டும் அது தெரியவில்லை, கொக்கரித்துக்கொண்டே இருந்தது. கார்மொசீனா அதைக் கேட்டுச் சிரித்தாள் என்று எழுதியிருக்கிறேன். சிரிக்க வைக்க நான்தான் விரும்பினேன். அவளுக்கு அந்தத் தெம்பு இருந்ததா என்று தெரியாது.

அந்த வாரமே இறந்துபோனாள்.

(இங்கே ஓர் உவமை இருந்தது. மெழுகுவத்தி சம்பந்தப்பட்டது. உங்களுக்காக எடுத்துவிட்டேன்.)

6

பலகை சுவரிலேயே தொங்கியது. அதில் அவள், நிமிர்ந்து உட்கார்ந்தபடி. பிழைத்ததற்கு நன்றி என்று கீழே எழுத்துடன்.

எர்சிலியோ லிபோரியோவிடம் போய் இறக்கித் தரச் சொன்னான்.

“குடுத்தது குடுத்ததுதான், எர்சிலி. மாதாகிட்டருந்து திருப்பி வாங்கற பழக்கம் நம்ம ஊர்ல இல்ல.”

“பொய்யில்ல தொங்குது அங்க?”

“நீதான மாட்டச் சொன்ன?”

“தூக்கித் தூரப் போடு.”

“நீயே ஏறி எடு. ஏணிய நான் பிடிக்கமாட்டேன்.” போகிற போக்கில் திரும்பிச் சொன்னான்: “எறக்கச் சொல்லிக் கேக்காத. நீ செஞ்சதுலயே அது ஒண்ணுதான் படம்.”

பங்குச்சாமியார் ஒரு வழி சொன்னார். பலகை இருக்கட்டும், அவளை மட்டும் அழித்துவிட்டுக் காலிக் கட்டிலாக ஆக்கிவிடு. மாதாவைக் குறை சொல்கிற மாதிரி ஒரு பலகை கோயிலில் இருக்கக் கூடாது. எர்சிலியோ சரி என்றான்.

வெயில் நேரத்தில், கோயில் காலியாக இருக்கும்போது, வெள்ளைச் சாயத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு போனான். தானே ஏணியைப் போட்டு ஏறினான். தூரிகையை நனைத்தான்.

“மேஸ்திரி.”

கீழே ஒரு பெண். மலைமேல் ஊர்க்காரி, செருப்பைக் கையில் வைத்திருந்தாள். அவளுடைய மகளுக்கும் அதே காய்ச்சல் என்றும், ஐந்து கல் இறங்கி வந்ததாகவும், வழியில் யாரோ இந்தப் பலகையைப் போய்ப் பார்க்கச் சொன்னதாகவும் சொன்னாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலகையைக் காட்டிக் கேட்டாள்:

“இவ பொழச்சாளா?”

7

முடிவு ஒன்று. “பொழச்சா,” என்கிறான் எர்சிலியோ. வெள்ளைச் சாயத்தோடு இறங்கிவிடுகிறான். அவள் வேகமாக மலையேறுகிறாள். ஒரு மாலை முழுக்க இது எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் அவள் வீட்டுக் கட்டிலை யோசித்தேன். அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

முடிவு இரண்டு. “செத்துட்டாம்மா.” நல்ல வாக்கியம். சுருக்கமானது, நேர்மையானது. உண்மையைச் சொன்ன பெருமை எனக்கு. அதைச் சுமந்துகொண்டு ஐந்து கல் ஏறவேண்டியது அவளுக்கு.

முடிவு மூன்று. மகள் பிழைத்து, அடுத்த வசந்தத்தில் தானே நடந்து பட்டறைக்கு வருகிறாள். எர்சிலியோ கேட்கிறான்: காய்ச்சல்ல என்ன நெனச்ச? எழுதும்போதே கை கூசியது. ஆனாலும் நாலு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. அதனால்தான் சந்தேகம்.

முடிவு நான்கு, எர்சிலியோ எதுவுமே சொல்லாமல்—

ஏணியின் கீழே அவள் இன்னும் நிற்கிறாள். சாயம் தூரிகையில் உலர்ந்துகொண்டிருக்கிறது. எர்சிலியோவால் இதற்கு மேல் ஆகாது. அவனை இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஏணியில் இப்போது இடம் இருக்கிறது. ஏறிக்கொள்ளுங்கள்.

மேலே எழுதிய முடிவுகளில் எல்லாம் நான் பலகையைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னேன். நீங்கள் எதைச் சொன்னாலும் அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்.