அட்டவணையில் மூன்றாவது வரிசை

வீட்டுத் தரகு எப்படி நடக்கிறது என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. விற்பவரைத் தனியாக அழைத்துப் போய்த் தரகர் ஒரு கமிஷன் பேசுவார். வாங்குபவரை வேறொரு நாள் சந்தித்து இன்னொன்று பேசுவார். ஒருவரிடம் பேசியது மற்றவர் காதுக்குப் போகாது. அந்தத் தெரியாமையின் மேல்தான் தொழிலே நிற்கிறது.

அரசின் புதிய விதி அங்கேதான் கை வைத்தது. இனிமேல் இரண்டு தொகையையும் ஒரே தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும்.

தரகர் சங்கம் கொதித்தது. வழக்குப் போடுவதென்று முடிவானதும், முதல் மனுதாரராக யாரை நிறுத்துவது என்ற பேச்சு வந்தது. எல்லார் கண்ணும் அந்த மூத்த தரகர் மேல் விழுந்தது. இருபத்தாறு வருடத் தொழில், ஒரு புகார் கிடையாது. பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சாவியெல்லாம் அவரிடம் இருந்ததால் சங்கத்தில் அவருக்குச் ‘சாவிக்கொத்து’ என்று பெயர்.

வாரம் ஒருமுறை அந்த வீடுகளுக்குப் போய் ஜன்னல்களைத் திறந்துவைப்பார். குளியலறைத் துவாரத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவார். தரைக்குக் கீழே குழாய் வளைந்து போகும். அந்த வளைவில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தை மேலே வரவிடாமல் தடுக்கிறது. ஆள் புழங்காத வீட்டில் அது வற்றிவிடும். பார்க்க வருபவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலோடு திரும்பிவிடுவார். இதையெல்லாம் எந்தத் தாளில் எழுதுவது? தொகையைப் பார்ப்பவன் வேலையைப் பார்க்கமாட்டான் என்பது அவர் வாதம். அதை உண்மையாகவே நம்பினார்.

மனைவி இறந்து ஒன்பது வருடம். வாடகை அறையில் பேச ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. வாரம் முழுக்க அவர் வாய்விட்டுச் சிரிப்பது அந்த ஒரு வேளைதான்.

சிக்கல் வக்கீல் அலுவலகத்தில் முளைத்தது.

“தொழில் பாதிக்குதுன்னு சும்மா சொன்னா கோர்ட்டு ஏத்துக்காது,” என்றார் வக்கீல். “மூணு வருஷத்துல எந்தெந்த வீடு முடிச்சீங்க, யார்கிட்ட எவ்வளவு வாங்கினீங்க, பேரோட அட்டவணை போடணும்.”

“சொல்லமாட்டேன்னு கேஸ் போடுறதுக்கே சொல்லணுமா சார்?”

சங்கத் தலைவர் சிரித்தார். “சாவிக்கொத்து, இப்பவாவது உன் பெட்டியைத் திறய்யா.”

“ஒண்ணே ஒண்ணை மட்டும் விட்டுடலாமா?”

“சத்தியம் பண்ணிக் கொடுக்கிற பத்திரம்ங்க. விட்டா பொய் சத்தியம். அட்டவணையில இருக்கிறவங்களுக்கெல்லாம் ஒரு நகலும் போகும்,” என்றார் வக்கீல்.

மூன்றாவது வரிசையில் அக்கா இருந்தாள். மாமா போன பிறகு அவள் வாங்கிய சின்ன ஃபிளாட். ‘உன்கிட்ட கமிஷன் வாங்குவேனாக்கா’ என்றிருந்தார், வாங்கவும் இல்லை. விற்றவரிடம் வாங்கினார், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்காமல் இருந்ததற்குக் கிடைத்த கூலி அது.

தபாலில் தெரிவதைவிடத் தன் வாயால் தெரியட்டும் என்று, அந்த ஞாயிற்றுக்கிழமை அட்டவணை போட்ட பத்திரத் தாளை எடுத்துக்கொண்டு போனார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள்.

“விலை இதுக்கு மேல இறங்காதுன்னியேடா.”

“சொன்னேன்.”

“இறங்கியிருக்குமா?”

“கொஞ்சம் இறங்கியிருக்கும்க்கா.”

அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். அவர் படபடவென்று பேசினார். “ஏழு வீட்டை வேணாம்னு ஒதுக்கினேன். மொட்டை மாடி ஒழுகலைக் கண்டுபிடிச்சு, அவன் செலவுலயே சரி பண்ண வெச்சேன். பத்திரப் பதிவுக்கு நாலு தடவை அலைஞ்சேன். அதெல்லாம் இந்தத் தாள்ல தெரியுதா, சொல்லு.”

“அதெல்லாம் நீ தம்பியா இருந்து செஞ்சதுன்னு நெனைச்சேன்.”

அவர் தாளை வாங்கி மடித்தார். “நான் மனுவுல இருந்து விலகிக்கிறேன்க்கா,” என்றார்.

“எதுக்கு? போடு. நல்லா ஜெயிச்சுட்டு வா. தெரியாம இருந்த மூணு வருஷம் எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. இன்னொருத்திக்கும் அப்படியே இருக்கட்டும்.”

ஒரு தட்டு மட்டும் வைத்துப் பரிமாறினாள். “நீ சாப்பிடு. எனக்குப் பசிக்கல,” என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை, ஆனால் திரும்பி வரவும் இல்லை. அவர் சத்தம் வராமல் சாப்பிட்டார். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். “வர்றேன்க்கா,” என்றார். கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.

மாடிப்படியில் இறங்கியவர் பாதியில் உட்கார்ந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வக்கீல் பென்சிலால் சின்னதாகக் குறி வைத்திருந்தார். தாளை முழங்காலில் பரப்பி அங்கே கையெழுத்துப் போட்டார்.

காய்கறிப் பையோடு மேலே ஏறி வந்த ஒருவர் நின்று பார்த்தார். “யார் வீட்டுக்குங்க?”

“நான் புரோக்கர்ங்க,” என்று வழிவிட்டு எழுந்தார் அவர். “ஒரு சின்ன வேலையா வந்தேன். முடிஞ்சுருச்சு.”