நடைக்கூடத்தில் பதினோரு பேர்

மாரடைப்பு வந்து ஆறு வாரம் ஆகியும் தையல்காரம்மாவுக்கு மாடிப்படி ஏறத் துணிச்சல் வரவில்லை. ஸ்டென்ட் வைத்தாயிற்று, இதயம் நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லியும், முதல் படியில் கால் வைத்தாலே கை தானாக நெஞ்சுக்குப் போய்விடும். வீட்டில் மகள் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க விடுவதில்லை.

அந்தப் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது ஆஸ்பத்திரி இதயப் பிரிவின் தரைத்தளத்திலிருந்த பயிற்சி அறைதான். இரண்டு நடை மிஷின், மூன்று சைக்கிள், நாடித்துடிப்பைக் காட்டும் ஒரு திரை. பயிற்சி தரும் பெண் பக்கத்திலேயே நின்று, "இன்னும் ரெண்டு நிமிஷம்மா, நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்பாள். மூன்றாம் மாதம் தையல்காரம்மா மறுபடி நின்றபடியே துணி வெட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. திங்கள் முதல் அங்கே பழைய கோப்புகள் வைக்கப்படும். நோயாளிகள் வீட்டிலேயே நடக்கலாம்.

"வீட்ல மூச்சு வாங்குனா சுவரா வந்து நாடி பிடிக்கும்?" என்றார் பைபாஸ் செய்துகொண்ட லாரி டிரைவர்.

"மனு எழுதுவோம்," என்றாள் தையல்காரம்மா. "ஆனா திங்கக்கிழமை நாம நடக்குற நாள். நடந்தே ஆகணும்."

மகளுக்கு இது பிடிக்கவில்லை. "உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? டென்ஷனே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"பயந்து பயந்து மூலையில உக்காந்திருந்தேனே, அது டென்ஷன் இல்லையா?"

திங்கட்கிழமை நோயாளிகள் பதினோரு பேர் நான்காம் மாடியில், ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அறைக்கு முன்னாலிருந்த நடைக்கூடத்தில் கூடினார்கள். மற்றவர்கள் லிப்டில் வந்தார்கள். தையல்காரம்மா மாடிக்கு மாடி நின்று மூச்சுவிட்டுப் படியேறி வந்தாள். இரத்த அழுத்தக் கருவியோடு பயிற்சிப் பெண்ணும் வந்துவிட்டாள்.

"நீ ஏம்மா வந்தே? உன் வேலைக்கு உலை வெச்சிடுவாங்க," என்றாள் தையல்காரம்மா.

"என் நோயாளிங்க இங்க இருந்தா நான் வேற எங்க இருக்கிறது?"

இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடக்கத் தொடங்கினார்கள். கண்காணிப்பாளர் வெளியே வந்தார். "என்னம்மா இது? ஆபீஸ் நடக்க வேண்டாமா?"

"உங்க ஆபீஸ் பாட்டுக்கு நடக்கட்டும் சார். நாங்களும் நடக்குறோம்," என்றாள் தையல்காரம்மா.

"இது நடக்குற இடமில்ல."

"நடைக்கூடம்னுதானே போர்டுல போட்டிருக்கு."

உள்ளே குமாஸ்தா சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அடுத்த நாளும் வந்தார்கள். மூன்றாம் நாள் லாரி டிரைவரின் நாடி தாறுமாறாக ஓடுவதைப் பயிற்சிப் பெண் கண்டுபிடித்தாள். அவரை உட்காரவைத்து இதய டாக்டரை வரவழைத்தாள். ஈசிஜி எடுத்து, அவரை வார்டில் சேர்த்தார்கள்.

கண்காணிப்பாளரின் முகம் வெளிறியிருந்தது. "பாத்தீங்களா? இதுக்குத்தான் இங்க நடக்கக் கூடாதுங்கிறேன்."

தையல்காரம்மா இடத்தைவிட்டு நகரவில்லை. "இதுக்குத்தான் சார் அந்த ரூமக் கேக்குறோம். வீட்ல நடந்திருந்தா அவர யாரு பாத்திருப்பா?"

இதய டாக்டர் தலையாட்டினார். "அந்தம்மா சொல்றது சரி சார்."

டிரைவர் நான்கே நாளில் வீடு திரும்பினார். அடுத்த வாரம் அறையும் திறந்தது. ஆனால் பாதிச் சுவரை மறைத்துக் கோப்புகள் அடுக்கியிருந்தன, ஒரு நடை மிஷினைக் காணோம்.

"கிடைச்சவரைக்கும் போதும்மா," என்றாள் உடன் வந்த மகள்.

"மிச்சத்த யாரு கேக்கிறது?" என்று தையல்காரம்மா புது மனுவில் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள்.