இரண்டு தோள், ஒரு பக்கம்

மின்சாரம் நின்றதும் தெருவிலிருந்த பனியன் கம்பெனிகள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசி மெஷினும் நின்ற பிறகுதான் பேச்சி கத்தத் தொடங்கினாள். நான்கு வயதாகியும் அவளுக்கு வார்த்தை வரவில்லை. வீட்டுக்காரி பழனாயி முகத்தைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

"ஏனம்மிணி, கரண்ட் போனா எல்லாக் கொளந்தையும் காத்துக்கு அழுகும். உம்பட புள்ள சத்தத்துக்கல்லோ அழுகுது?"

அனுசுயா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஆறு மாத வயிறு நடுவே முட்டியது. எதிர்க் கம்பெனியில் ஜெனரேட்டர் போட்டு மெஷின்கள் உறுமியதும் அழுகை பாதியில் அறுந்தது. பேச்சி அப்படியே உறங்கிப்போனாள்.

அன்று காலைதான் லீவு போட்டு மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாள். காதில் பழுதில்லை என்று டாக்டரம்மா சொன்னார். பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொன்னார்.

"இவ வயித்துல இருந்தப்ப என்ன வேலை பாத்த?"

"ஓவர்லாக் டெய்லருங்க. வலி வாற வரைக்கும் பாத்தேன்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "சத்தம், சூடு, அரைவயிறு, தூக்கமில்லாம வேலை பாக்கறது, எல்லாமே உள்ள இருக்கற புள்ளைக்கும் போய்ச் சேரும்மா. இவளுக்கு அதனாலதான் இப்படின்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இப்ப இருக்கறத அந்த மெஷின்கிட்ட இருந்து எடுத்துரு."

பாயில் கிடத்தியபோது பேச்சியின் குதிகால் தரையைத் தட்டத் தொடங்கியது. தூக்கத்தில் எப்போதும் செய்வதுதான். ஆனால் இன்றுதான் அனுசுயா உட்கார்ந்து கவனித்தாள். சின்னதாய் ஒரு அழுத்தம், விடுதல். இன்னொரு சின்ன அழுத்தம், விடுதல். பிறகு நீளமாய் ஒன்று. கொஞ்சம் ஓய்வு. மறுபடியும் முதலிலிருந்து.

சாப்பிட வந்த மாரிச்செல்வம் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றான்.

"என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"இவ தைக்கா."

அவன் குனிந்து பார்த்துச் சிரித்தான். "அப்பம் நமக்கென்ன கவல? கம்பெனிக்கு ஆள் ரெடி."

"சிரிக்காதிய. பெடல மிதிக்கா பாருங்க. சின்னதா ரெண்டு மிதி, ரெண்டு தோளு. நீளமா ஒண்ணு, ஒரு பக்கம். மறு பக்கம் தைக்காம நாடா வச்சுக் கட்டுற பச்சப்புள்ளச் சட்ட. இவ வயித்துல கெடக்கும்போதுதான் அந்த ஆர்டரு வந்துச்சு. அதுக்குப் பொறவு வரவே இல்ல. நான் வேற எதையும் இப்படித் தச்சதில்ல."

மாரிச்செல்வம் கை கழுவப் போனான். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. திரும்பி வந்து மகளின் குதிகாலைக் கையால் பொத்தினான். அது உள்ளங்கைக்குள்ளும் நிற்கவில்லை.

மறுநாள் அவள் முதலாளி திருமூர்த்தியிடம் போய் மெஷின் வேண்டாம் என்றாள்.

"ஏனுங்க அனுசுயா, ஷிப்மெண்ட் நேரத்துல இப்படிச் சொன்னா நா எங்க போறதுங்க?" என்றவர் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "சரி, போய்ச் செக்கிங்ல உக்காருங்க. அங்க சத்தமில்லீங்க."

செக்கிங் அறை, மெஷின் ஹாலிலிருந்து ஒரு தகரத் தடுப்பால் பிரிக்கப்பட்டிருந்தது. அறை முழுக்கப் பஞ்சு மூட்டைகளைப்போல் துணிக்கட்டுகள் அடுக்கியிருந்ததால் சத்தம் அமுங்கி எங்கோ தொலைவில் மழை பெய்வதுபோல் வந்தது. விளக்கின் கீழே துணியை விரித்துக் கறையும் ஓட்டையும் தேடுவதுதான் வேலை. பக்கத்தில் இருந்த பெண் பேசிய மெல்லிய பேச்சும் தெளிவாகக் கேட்டது. இத்தனை வருடங்களில் கம்பெனிக்குள் தன் மூச்சு தனக்கே கேட்பது அவளுக்குப் புதிது. இந்தப் பிள்ளையாவது இனி நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள்.

மத்தியானம் வரை அது அசையவில்லை. மெஷினில் உட்கார்ந்திருந்தவரை ஓயாமல் புரண்ட பிள்ளை. சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் சாய்ந்து படுத்துப் பார்த்தாள். குளிர்ந்த தண்ணீர் குடித்தாள். வயிற்றில் விரலால் தட்டி, "ஏட்டி... ஏலே..." என்று பெண்ணுக்கும் ஆணுக்குமாக இரண்டு விதமாகவும் கூப்பிட்டாள். கல்லைக் கட்டி வைத்ததுபோல் இருந்தது.

"மொகமெல்லாம் வேர்க்குதே அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றாள் பக்கத்துப் பெண்.

அனுசுயா தலையாட்டினாள். பையை எடுக்க எழுந்தவள், துணிக்கட்டுகளுக்கு இடையே நுழைந்து தகரத் தடுப்பின் அருகே போய் நின்றாள். மறுபுறம் நாற்பது மெஷின்கள் ஓட, தகரம் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. சேலையை விலக்கி வெறும் வயிற்றை அதன்மேல் பதித்தாள். தகரத்தின் சூடு தோலில் ஏறியது.

உள்ளே ஒன்று மெதுவாகத் திரும்பி, காது வைத்துக் கேட்பதுபோல் அந்தப் பக்கமாக வந்து ஒட்டிக்கொண்டது.