வழியில் இறந்தவள்

இவளை நான் எங்கேயும் அனுப்பவில்லையே. பதினொன்று இருபதுக்கு என் விரலுக்குக் கீழேதானே நாடி நின்றது. பத்தரைக்கே மேல்சிகிச்சைக்கு அனுப்பினேன் என்று எந்தக் கையால் எழுதுவது?

பிரசவ வார்டை ஒட்டிய அறையில், பரிந்துரைச் சீட்டு, பிரசவம் பார்த்த டாக்டரின் முன் கிடந்தது. பெயர், வயது, ரத்த வகை எல்லாவற்றையும் தலைமை மருத்துவரே நிரப்பியிருந்தார். அவளுடைய கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். வாசலில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. இறந்தவளின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டச் சொல்லி உத்தரவு. நர்ஸ் அக்கா அதை மாட்டாமல் கையில் பிடித்தபடி நின்றாள்.

புதுச் சட்டம் வந்து எட்டு மாதம். வருடத்தில் மூன்று தாய்மார் இறந்தால் அந்த மருத்துவமனையில் பிரசவம் பார்க்கக் கூடாது. டாக்டர் மேல் விசாரணை. ரத்தம் வைக்கும் ஃப்ரிட்ஜ் பழுதாகி ஐந்து மாதம் ஆகிறது. அவள் நான்கு கடிதம் எழுதிவிட்டாள். அதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. மூச்சு எந்தச் சுவருக்குள் நின்றது என்பது மட்டும்தான் அதற்கு வேண்டும். வழியில் நின்றால் யார் தலையிலும் விழாது. சாவு குறைந்துவிட்டதாகச் சுவரொட்டிகூட வந்துவிட்டது.

அதில் அவளுக்கும் பங்குண்டு. மூன்று மாதம் முன்பு ஒருத்தியை, பிழைத்துக்கொள்வாள் என்று தனக்கே சொல்லியபடி ஏற்றி அனுப்பினாள். பிழைக்க மாட்டாள் என்று தெரியும். அன்று தயங்காமல் கையெழுத்துப் போட்டாள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

"இது மூணாவதும்மா," என்றார் தலைமை மருத்துவர். "வார்டை மூடிட்டா, நாளைக்கு வலி எடுக்கிறவ ரெண்டு மணி நேரம் வண்டியில போகணும். உனக்கு அது சம்மதமா?"

அவர் சொன்னது பொய்யில்லை.

"ஃப்ரிட்ஜைப் பாக்க அஞ்சு மாசமா ஆள் வரல," என்றாள் நர்ஸ் அக்கா, யாரையும் பார்க்காமல். "பொணத்துக்கு டிரைவர் அஞ்சு நிமிஷத்துல வந்துட்டாரு."

"நீ சும்மா இரும்மா."

கதவு திறந்தது. இறந்தவளின் கணவர். கையில் மடித்த போர்வை. அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

"டாக்டரம்மா, வண்டி ரெடியாம். புள்ளைய அத்தைகிட்ட குடுத்துட்டேன். நானும் கூட ஏறிக்கலாமா? அவ குளிர் தாங்க மாட்டா."

தலைமை மருத்துவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். "ஏறிக்கச் சொல்லும்மா."

சீட்டை அவர் பக்கமே தள்ளி வைத்தாள்.

"நான் அனுப்பல சார்."

எழுந்து தன் நாற்காலியைக் கணவர் பக்கம் இழுத்துப் போட்டாள். "வண்டி வேண்டாம்ணே. உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. அவள் முகத்தையே பார்த்தபடி, போர்வையின் ஓரத்தை விரல்களால் தேடிக்கொண்டிருந்தார்.