கழுமரத்தில் விபூதி

எங்கள் தெரு நாடக சபாவை டி.வி.யில் காட்டப் போகிறார்கள் என்றதும் பயல்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மெட்ராசில் டி.வி. வந்தே மூன்று வருசம்தான் ஆகிறது. எனக்குத் தலையில் முடி இல்லை, உடம்பில் சதை இல்லை. சமணச் சாமியார் வேசத்துக்கு என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கழுவேத்தற சீன் இருந்தா நான் வரல" என்றேன்.

திருப்பருத்திக்குன்றத்து அப்பாண்டை நயினார் சமணர். என் சம்சாரத்துக்குப் பிரசவம் சிக்கலானபோது கொட்டுகிற மழையில் வண்டி கட்டி ஆஸ்பத்திரி சேர்த்தவர். அவர் மூஞ்சியில் நான் முழிக்க வேண்டாமா?

நாடகம் எழுதிய குமாரசாமி எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் போனவன். "சரித்திரம் மாமா. எட்டாயிரம் சமணருங்கள ஏத்துனாங்க" என்றான்.

"எவன்டா எண்ணுனான்? எட்டாயிரம் மரம் சீவ எத்தினி தச்சன் வேணும்? ஒரு தறி செஞ்சு குடுக்கவே ஆறு மாசம் இழுக்கறானுங்க."

"புராணத்துல இருக்குது மாமா."

"கல்வெட்டுல இருக்குதா?"

"அத்த யாரு படிச்சாங்க?"

"படிக்காதவன் எதுக்கு எழுதற?"

முனகிக்கொண்டே அந்த சீனை அடித்துவிட்டான். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், "அதெல்லாம் கெடையாது நயினாரே, என் வாக்கு. வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மெட்ராசில் போய்ப் பார்த்தால், அட்டையில் செய்த கழுமரம் வரிசையாக நிற்கிறது!

"நான்தான் வெக்கச் சொன்னேன். சப்புன்னு முடிஞ்சா யாரு பாப்பாங்க மாமா?" என்றான் குமாரசாமி.

வேசத்தைக் கழற்றி அவன் மேலேயே எறிந்துவிட்டுப் பஸ் ஏறினேன். என் வேசத்தைப் பின்பாட்டுக்காரன் நமச்சிவாயம் கட்டினானாம்.

நேரே நயினார் வீட்டுக்குப் போனேன். "வராதீங்க. ஏமாத்திட்டானுங்க."

"நீங்க நடிக்கலல்ல? அப்ப வரேன். எங்கள எப்படிக் கொல்றீங்கன்னு நானும் பாக்கணுமே."

நாடகம் காட்டிய அன்றைக்கு நெசவாளர் சங்கத்து டி.வி. முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. நயினார் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பொடிசுகள் போட்ட கூச்சலில் வசனம் ஒன்றும் காதில் விழவில்லை.

சமணர்களைக் கட்டி இழுத்து வந்தார்கள். ஒவ்வொருத்தன் நெற்றியிலும் பட்டை பட்டையாக விபூதி!

மடப்பசங்கள். முகம் கழுவியதும் கை தானாகத் திருநீற்றுப் பைக்குப் போயிருக்கிறது. வெறும் நெற்றியோடு நாலு பேர் முன்னால் போய் நிற்கிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு ஏது? கறுப்பு வெள்ளைப் படத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி பளிச்சென்று இருந்தது. ராஜாவும்தான் பூசியிருந்தான். அதைக் கிரீடம் மறைத்துவிட்டது.

"அடப்பாவி! அடியாருங்களக் கொல்றானே!" என்று எதிர்வீட்டுக் கமலாட்சி மாரில் அடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், பொம்பளைகள் எல்லாரும் ஓவென்று அழுதார்கள். "நீ ராஜாவா? நாசமாப் போவ!" என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள்.

குமாரசாமி எழுந்து நின்று கத்தினான். "ஐயோ, அழாதீங்க! அவங்கதான் சமணருங்க! ராஜா நம்ம ஆளு!"

"அப்டியா?" என்றாள் கமலாட்சி. மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அழுகை நின்றுவிட்டது. "மின்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று அவனைத்தான் திட்டினாள்.

நயினார் எழுந்தார். "ஏன் முதலியாரே, விபூதிக்குத்தான் அழுதாங்களா?"

தெருமுனை வரைக்கும் அவர் சைக்கிளை நானே தள்ளிக்கொண்டு போனேன். அவர் வாங்கி ஏறிப் போய்விட்டார்.

வழக்கம்போல மறுநாள் வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. நானே போனேன். மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குமாரசாமியக் கூட்டிக்கினு வரலியா?" என்றார்.

"அவன் எதுக்கு?"

"எட்டாயிரம் பேரையும் ஏத்திட்டா நான் எப்படிப் பொறந்தேன்னு கேக்கணும்."

வைக்கோல் பிரியை என் பக்கம் எறிந்தார். நான் மாட்டுக்கு அந்தப் பக்கம் போய்த் தேய்க்க ஆரம்பித்தேன்.